சுவர் களைந்த உயிரணுவும் உருளைக்கிழங்கின் பின் கருகல் நோயும்

நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் உருளைக்கிழங்கு பயிரிடும் சிறு விவசாயிகள் மிகவும் அஞ்சுவது பின் கருகல் நோய்க்குத்தான். வானம் மூடி, மூடுபனி இறங்கி, சாரல் விடாமல் நான்கு நாட்கள் தூறினால் போதும். இலை நுனியிலும் ஓரத்திலும் நீர் கோத்த புள்ளிகள் தோன்றி விரைவில் கருக்கும். அதிகாலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் வெண்மையான பூசணம் படர்ந்திருக்கும். பத்து நாட்களுக்குள் வயல் முழுவதும் வெந்நீர் ஊற்றியது போல் வாடிக் கருகிவிடுவதும் உண்டு. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கும் தப்புவதில்லை. தோலுக்கு அடியில் செம்பழுப்பாக அழுகல் பரவுகிறது.

இந்தப் பயிரில் விதைக்கிழங்குச் செலவே பெரிய செலவு. எக்டேருக்கு 3000 முதல் 3500 கிலோ வரை விதைக்கிழங்கு தேவைப்படுகிறது. ஏக்கர் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ ஒன்றேகால் டன். அத்தனையும் மண்ணில் போட்டு, உரமிட்டு, மண் அணைத்த பிறகு நோய் வந்தால் சிறு விவசாயியால் தாங்க இயலாது. அயர்லாந்து நாட்டில் 1845-ம் ஆண்டு தொடங்கிய பெரும் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் மக்கள் மாண்டதற்கு அடிப்படைக் காரணம் இதே நோய்தான்.

மருந்து தெளித்து நோயைத் தடுக்கலாம். ஆனால் மழை நாட்களில் தெளித்த மருந்து கழுவிச் செல்லப்படுகிறது. மீண்டும் மீண்டும் தெளிக்க வேண்டியுள்ளது. ஆகவே பயிருக்கே நோயைத் தாங்கும் ஆற்றலைக் கொடுப்பதுதான் நிலையான வழி. அந்த ஆற்றலைக் காட்டு உருளைக்கிழங்கிலிருந்து பயிருக்குக் கொண்டு வர, உயிரணுவின் சுவரைக் களைந்து இரண்டு உயிரணுக்களை ஒன்றாக்கும் முறையை விஞ்ஞானிகள் கையாண்டு வருகின்றனர். அம்முறை எவ்வாறு செய்யப்படுகிறது, அதனால் விவசாயிக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பவற்றை இங்கு காண்போம்.

காட்டு உருளைக்கிழங்கில் உள்ள செல்வம்

தென் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் உருளைக்கிழங்கின் காட்டு உறவினங்கள் பல இயற்கையாக வளர்கின்றன. இவற்றின் கிழங்கு சிறியது, சில கசக்கும், உணவுக்கு உதவாது. ஆனால் நோய், பூச்சி, நூற்புழு, குளிர் ஆகியவற்றைத் தாங்கும் ஆற்றல் இவற்றில் நிறைந்துள்ளது.

மெக்சிகோவின் சொலானம் டெமிசம் என்ற காட்டு இனத்தைப் பயிர் உருளைக்கிழங்குடன் கலப்புச் செய்ய இயலும். இதிலிருந்து எடுத்த எதிர்ப்புத் திறனைக் கொண்டு 20-ம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே பல இரகங்கள் உருவாக்கப்பட்டன. எனினும் நோய்க்கிருமி தன்னை மாற்றிக்கொள்வதில் வல்லது. புதிய இரகம் பரவிய சில ஆண்டுகளில் அதைத் தாக்கும் புதிய கிருமி இனமும் தோன்றிவிடுகிறது. 1968-ம் ஆண்டு வெளியிடப்பட்டு, விவசாயிகள் நன்கு அறிந்த குஃப்ரி ஜோதி இரகமும் தொடக்கத்தில் பின் கருகலைத் தாங்கியது. நாளடைவில் அத்திறன் குறைந்துவிட்டது.

மெக்சிகோவில் வளரும் சொலானம் பல்போகாஸ்டானம் என்ற மற்றொரு காட்டு இனம் பலவகைக் கிருமி இனங்களையும் எதிர்த்து நிற்கிறது. ஆனால் இதனைப் பயிருடன் நேரடியாகக் கலப்புச் செய்ய முடிவதில்லை. பயிர் உருளைக்கிழங்கின் ஓர் உயிரணுவில் 48 குரோமோசோம்கள் உள்ளன. காட்டு இனத்திலோ 24 மட்டுமே. மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தடவினாலும், விதையில் வளரும் கருவுக்கு உணவூட்டும் திசு சரியாக வளராமல் சிதைந்து, விதை பொக்காகிறது. பூவின் வழி செல்ல முடியாத இடத்தில் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. இலையின் சாதாரண உயிரணுக்களையே இணைப்பதுதான் அந்த வழி.

சுவரும் சவ்வும்

செடியின் இலை, தண்டு, வேர் அனைத்தும் கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்களால் கட்டப்பட்டவை. இலையின் உயிரணுவை ஒரு முட்டைக்கு ஒப்பிடலாம். முட்டைக்கு வெளியே கெட்டியான ஓடும், ஓட்டை ஒட்டி மெல்லிய சவ்வும் இருக்கின்றன. அதுபோல உயிரணுவுக்கு வெளியே உறுதியான சுவரும், அதனுள் மிக மெல்லிய சவ்வும் உள்ளன. சவ்வுக்குள்தான் உயிர்ப்பொருளும், குரோமோசோம்களைக் கொண்ட உட்கருவும், பச்சையத் துகள்களும் இருக்கின்றன.

சுவர் பெரும்பாலும் செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருளால் ஆனது. பருத்திப் பஞ்சு கிட்டத்தட்ட முழுவதும் இந்தச் செல்லுலோஸே. அடுத்தடுத்த உயிரணுக்களைச் சாந்து பூசினாற்போல் ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். பழம் கனியும்போது மெதுவாவதற்கு இந்தப் பெக்டின் கரைவது ஒரு காரணம்.

செடி நிமிர்ந்து நிற்கச் சுவர் இன்றியமையாதது. ஆனால் இரண்டு உயிரணுக்கள் கலக்கத் தடையாக நிற்பதும் அதுவே. சுவரை முழுதும் நீக்கிவிட்டால் சவ்வு மட்டும் சூழ்ந்த உருண்டையான உயிரணு எஞ்சும். இதனைப் புரோட்டோபிளாஸ்ட் என்பர். சுவரற்ற உயிரணு என்று தமிழில் சொல்லலாம். தண்ணீரில் மிதக்கும் இரண்டு எண்ணெய்த் துளிகள் ஒன்றாவது போல, சவ்வும் சவ்வும் நெருங்கினால் இவை ஒன்றாகிவிடும்.

சுவரைக் கரைக்கும் நொதி

1892-ம் ஆண்டில் கிளெர்க்கர் என்ற விஞ்ஞானி, நீர்வாழ் செடி ஒன்றின் திசுவைச் சர்க்கரைக் கரைசலில் இட்டு, உயிரணுக்களைச் சுருங்கச் செய்து, கத்தியால் வெட்டிச் சில சுவரற்ற உயிரணுக்களைப் பெற்றார். அவ்வழியில் கிடைத்தவை மிகச் சொற்பம்.

1960-ம் ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் காக்கிங் என்பவர் புதிய வழியைக் கண்டார். மட்கும் இலை தழைகளில் வளரும் பூஞ்சாணங்கள் செல்லுலோஸைக் கரைத்து உண்கின்றன. அவ்வாறு கரைக்கும் நொதியைப் பூஞ்சாணத்திலிருந்து பிரித்து, தக்காளி வேர் நுனியில் இட்டார். சுவர் கரைந்தது, உயிரணு உயிருடன் நின்றது. பின்னர் ஜப்பானில் இத்தகைய நொதிகள் தொழில் முறையில் தயாரிக்கப்பட்டன. 1968-ல் அங்குள்ள விஞ்ஞானிகள் புகையிலை இலையிலிருந்து பெருமளவில் சுவரற்ற உயிரணுக்களை எடுத்துக் காட்டினர்.

இங்கே விவசாயிகள் அறிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. உலகின் பல ஆய்வுக்கூடங்களில் இப்பணிக்குப் பயன்படும் புகழ்பெற்ற செல்லுலேஸ் நொதி, டிரைக்கோடெர்மா விரிடி என்ற பூஞ்சாணத்திலிருந்து எடுக்கப்பட்டதாகும். விதை நேர்த்திக்கும் வேரழுகல் நோயைத் தடுக்கவும் தொழு உரத்துடன் கலந்து வயலில் இடும் விரிடியின் இனமே அது. சாணக் குப்பையை மட்க வைக்கும் அதே ஆற்றல்தான் ஆய்வுக்கூடத்தில் இலையின் சுவரைக் கரைக்கிறது. பெக்டினைக் கரைக்க ரைசோபஸ் என்ற மற்றொரு பூஞ்சாணத்தின் நொதி உதவுகிறது.

தயாரிக்கும் முறை

வயலிலிருந்து பறித்த இலையில் நுண்ணுயிர்கள் ஒட்டியிருக்கும். ஆகவே சோதனைக் குழாயில் தூய சூழலில் வளர்த்த மூன்று, நான்கு வாரச் செடியின் இளம் இலைகளையே எடுக்கின்றனர். முற்றிய இலையின் சுவர் தடித்திருப்பதால் நன்கு கரையாது.

இலைகளைக் கூரான கத்தியால் மயிரிழைக் கீற்றுகளாக நறுக்கி நொதிக் கரைசலில் இடுகின்றனர். இந்தக் கரைசலில் நொதி மட்டும் இருந்தால் போதாது. உலர்ந்த திராட்சையை வெறும் நீரில் போட்டால் நீரை உறிஞ்சி உப்புகிறது அல்லவா? சுவரில்லாத உயிரணுவை வெறும் நீரில் விட்டால் அதுவும் உப்பும். தாங்கிப் பிடிக்கச் சுவர் இல்லாததால் வெடித்துவிடும். மாறாக, கரைசல் மிகவும் அடர்த்தியாக இருந்தால் உப்பில் போட்ட மாங்காய் போல் சுருங்கிச் சாகும். ஆகவே மானிட்டால் என்ற சர்க்கரை வகைப் பொருளை லிட்டருக்குச் சுமார் 90 கிராம் அளவில் கலந்து, உள்ளும் புறமும் சமமாக இருக்கும்படி செய்கின்றனர். சிறிதளவு சுண்ணாம்புச் சத்தும் சேர்ப்பது சவ்வுக்கு உறுதி தரும்.

பிறகு 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், இருட்டில், ஓர் இரவு முழுவதும் அதாவது 12 முதல் 16 மணி நேரம் வைத்து மிக மெதுவாக அசைத்துக்கொண்டிருப்பர். காலையில் கரைசல் பச்சையாகக் கலங்கி நிற்கும். இதனை நுண்ணிய சல்லடையில் வடித்து, சக்கை நரம்புகளை நீக்கி, மெதுவாகச் சுழலும் இயந்திரத்தில் சில நிமிடங்கள் வைத்தால் உயிரணுக்கள் அடியில் தங்கும். பின்னர் அடர்த்தியான சர்க்கரைக் கரைசலில் மிதக்கவிட்டு, உடைந்தவற்றைத் தள்ளி நல்லவற்றை மட்டும் மேலிருந்து எடுப்பர். உப்புக் கரைசலில் நெல்லை இட்டுப் பொக்கையும் மணியையும் பிரிப்பது போன்றதே இது. ஆனால் இங்கு மிதப்பதுதான் நல்லது, அமிழ்வது கழிவு.

ஒரு கிராம் இலையிலிருந்து நன்கு வந்தால் பத்து லட்சம் அளவிலும் சுவரற்ற உயிரணுக்கள் கிடைக்கின்றன. இவை ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் சுமார் இருபதில் ஒரு பங்கு முதல் ஐம்பதில் ஒரு பங்கு வரை இருக்கும். உயிருள்ளவை எவை என்பதை ஒரு வகைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்க்கின்றனர். உயிருள்ளவை பச்சை ஒளியுடன் மின்னும். இறந்தவை மின்னா.

இரண்டை ஒன்றாக்குதல்

பயிர் இனத்தின் உயிரணுக்களையும் காட்டு இனத்தின் உயிரணுக்களையும் ஒரே கிண்ணத்தில் கலந்துவிட்டால் மட்டும் அவை இணைந்துவிடா. சவ்வின் மேல் உள்ள ஒரே வகை மின்னேற்றம் அவற்றை விலக்கி வைக்கும். 1974-ம் ஆண்டில் கனடா நாட்டில் காவோ, மிகைலுக் ஆகிய இருவர், பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற பசை போன்ற பொருளைச் சேர்த்தால் உயிரணுக்கள் ஒட்டி இணைவதைக் கண்டனர். பின்னர் மின்சாரமும் பயன்பட்டது. மெல்லிய மாறு மின்னோட்டத்தைச் செலுத்தினால் உயிரணுக்கள் மணிமாலை போல் வரிசையாக ஒட்டி நிற்கும். அப்போது கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகக் குறைந்த நேரத்துக்கு ஒரு மின்னதிர்ச்சி கொடுத்தால் தொட்டு நிற்கும் சவ்வுகள் திறந்து இரண்டும் ஒன்றாகும்.

இணைப்பு எப்போதும் விரும்பியபடி அமைவதில்லை. பயிருடன் பயிரும், காட்டினத்துடன் காட்டினமும் இணையலாம். மூன்று நான்கு சேர்ந்து உருக்குலைவதும் உண்டு. வேண்டியது பயிரும் காட்டினமும் இணைந்த ஒன்றுதான். அதைப் பொறுக்கி எடுப்பதில்தான் ஆய்வாளரின் பொறுமை சோதிக்கப்படுகிறது.

ஓர் உயிரணுவிலிருந்து ஒரு செடி

இணைந்த உயிரணுவை ஊட்டக் கரைசலில் விட்டால் சில நாட்களில் தானே புதிய சுவரைக் கட்டிக்கொள்கிறது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் இரண்டாகப் பிரிகிறது; பின் நான்காக, எட்டாகப் பெருகுகிறது. சில வாரங்களில் கடுகளவு திசுக்கட்டி தெரியும். அதனை வளர்ச்சி ஊக்கிகள் சேர்த்த வேறு ஊட்டக் கலவைக்கு மாற்றினால் பச்சைப் புள்ளிகளும், பின்னர் தளிரும், அதன் பின் வேரும் தோன்றும். இதற்குச் சில மாதங்கள் ஆகும்.

சுவரற்ற ஓர் உயிரணுவிலிருந்து முழுச் செடியே கிடைக்கும் என்பதை 1971-ம் ஆண்டு தக்கேபே, லபீப், மெல்ஷர்ஸ் ஆகியோர் புகையிலையில் மெய்ப்பித்தனர். அதற்கு அடுத்த ஆண்டே அமெரிக்காவில் கார்ல்சன் குழுவினர் இரண்டு புகையிலை இனங்களின் உயிரணுக்களை இணைத்து முதல் கலப்பினச் செடியைப் பெற்றனர்.

இவ்வாறு வளர்ந்த செடியில் குரோமோசோம்களை எண்ணியும், மரபுப் பொருளைச் சோதித்தும், இரு பெற்றோரின் அடையாளமும் உள்ளதா என்று உறுதி செய்கின்றனர். அதன் பிறகே கண்ணாடி வீட்டுக்கும், பின்னர் வயலுக்கும் செடி செல்கிறது.

உருளைக்கிழங்குக்கு இம்முறை ஏற்றதாக இருப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நெல், பருத்தி போல இது விதை வழிப் பெருகும் பயிர் அன்று. நல்ல செடி ஒன்று கிடைத்துவிட்டால் கிழங்கின் வழியே குணம் மாறாமல் பெருக்கலாம்.

வயலில் கண்ட பலன்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஹெல்கசன் தலைமையிலான குழுவினர் சொலானம் பல்போகாஸ்டானம் இனத்தையும் பயிர் உருளைக்கிழங்கையும் இம்முறையில் இணைத்தனர். 48-உம் 24-உம் சேர்ந்து 72 குரோமோசோம்கள் கொண்ட செடிகள் கிடைத்தன. இவை பின் கருகல் நோயைச் சிறப்பாகத் தாங்கின. பூவின் வழி கலக்க மறுத்த காட்டினத்தின் குணம், இந்த இணைப்புச் செடியின் பூவின் வழி பயிர் இரகங்களுக்குச் செல்லவும் முடிந்தது. இணைப்புச் செடியை காட்டாடின், அட்லாண்டிக் ஆகிய இரகங்களுடன் மீண்டும் மீண்டும் பின்கலப்புச் செய்து, நோய் தாங்கும் வழித்தோன்றல்களைப் பெற்றனர். இதன் முடிவுகள் 1998-ல் வெளியாயின.

2003-ம் ஆண்டில், இந்த ஆற்றலுக்குக் காரணமான மரபணு தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. இந்தியாவில் குஃப்ரி ஜோதி இரகத்திலும் இம்மரபணு புகுத்தப்பட்டு ஆராயப்பட்டது. ஆனால் அது விவசாயிகளின் சாகுபடிக்கு வரவில்லை.

இந்த மரபணுவின் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். இது நோயை அறவே நிறுத்துவதில்லை. பரவும் வேகத்தைப் பெரிதும் குறைக்கிறது. இலைக்குக் கிடைக்கும் காப்பு கிழங்குக்குக் கிடைப்பதில்லை. இதனையும் மீறும் கிருமி இனங்கள் உண்டு. ஆகவே ஒரே மரபணுவை நம்பாமல் பல காட்டினங்களின் எதிர்ப்புத் திறன்களை ஒரே இரகத்தில் சேர்ப்பதே அறிவுடைமை என்பது இன்றைய கருத்து.

சிம்லாவில் நடந்த ஆய்வு

சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும் இத்துறையில் பணியாற்றியுள்ளது. அங்கு கையாண்ட முறை சற்று வேறானது. முதலில் பயிர் உருளைக்கிழங்கின் மகரந்தப் பையிலிருந்து, 48 குரோமோசோம்களுக்குப் பதில் பாதியான 24 மட்டுமே உள்ள செடியை வளர்த்தனர். அதன் உயிரணுவை 24 குரோமோசோம்கள் கொண்ட சொலானம் பின்னாட்டிசெக்டம் என்ற மெக்சிகோ காட்டினத்தின் உயிரணுவுடன் இணைத்தனர். இரண்டும் சேர்ந்து 48 ஆயிற்று. பயிர் இரகங்களிலும் 48 என்பதால் பின்கலப்புச் செய்வது எளிதாகிறது. இவ்வாறு கிடைத்த செடிகளில் பின் கருகல் தாங்கும் திறன் காணப்பட்டது. நச்சுயிரி நோயைத் தாங்கும் சொலானம் எட்யூபரோசம் என்ற இனத்தையும் இதே முறையில் பயிருடன் இணைத்துள்ளனர்.

இவை விவசாயியின் கைக்கு வரும் இரகங்கள் அல்ல. இரகங்களை உருவாக்கும் பெற்றோர்ச் செடிகள். இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

ஏன் இத்தனை ஆண்டுகள்?

இணைப்பில் காட்டினத்தின் நல்ல குணம் மட்டும் வருவதில்லை. எல்லாக் குணங்களும் சேர்ந்தே வருகின்றன. கிழங்கு சிறுத்தல், கிழங்குத் தண்டு வெகுதூரம் ஓடுதல், தாமதமாகக் கிழங்கு வைத்தல், கசப்பு ஆகியவை முதல் தலைமுறையில் காணப்படும். கசப்புக்குக் காரணமான சொலனின் வகைப் பொருள்கள் அளவுக்கு மிஞ்சினால் உடலுக்குத் தீங்கு செய்யும். ஆகவே ஒவ்வொரு பின்கலப்பிலும் ஆயிரக்கணக்கான செடிகளை வளர்த்து, நோயைத் தாங்குவதுடன் விளைச்சலும் சுவையும் உள்ளவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு பல இடங்களில், பல பருவங்களில் சோதிக்க வேண்டும். தனி உயிரணுவிலிருந்து வளரும் செடிகளில் எதிர்பாராத மாறுதல்கள் தோன்றுவதும் உண்டு.

அத்துடன், உயிரணுக்களை இயற்கையில் நிகழாத முறையில் இணைப்பதை 1989-ம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் மரபுத் தொழில்நுட்பத்தின் வரையறைக்குள் சேர்த்துள்ளன.

பிற பயிர்களில்

கோசு, காலிபிளவர் ஆகியவற்றின் வீரிய ஒட்டு விதை உற்பத்தியில் இம்முறை பெரிதும் உதவியுள்ளது. 1968-ல் ஜப்பானில் முள்ளங்கிச் செடி ஒன்றில் மகரந்தம் உண்டாகாத தன்மை கண்டறியப்பட்டது. விதை உற்பத்திக்கு இது மிகவும் வேண்டிய குணம். கையால் மகரந்தப் பையை நீக்க வேண்டியதில்லை. ஆனால் இதனைக் கலப்பின் வழி கடுகுக் குடும்பத்தின் பிற பயிர்களுக்கு மாற்றியபோது குளிரில் இலை மஞ்சளாயிற்று. முள்ளங்கியின் பச்சையத் துகள்கள் அந்நிய உட்கருவுடன் ஒத்துப்போகாததே காரணம். 1983-ல் பிரான்சு நாட்டில் பெல்லத்தியே குழுவினர் சுவரற்ற உயிரணுக்களை இணைத்து, மகரந்தமற்ற தன்மையை வைத்துக்கொண்டு பச்சையத் துகள்களை மட்டும் மாற்றிக் குறையை நீக்கினர். இந்த வழி வந்த பெற்றோர்களைக் கொண்டு இன்று பல நாடுகளில் வீரிய ஒட்டு விதை உற்பத்தியாகிறது. இத்தகைய வீரிய ஒட்டுச் செடியிலிருந்து விதை பிடித்து மீண்டும் விதைப்பது பயன் தராது.

புது தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் கடுகுப் பயிருக்கும் காட்டுக் கடுகினம் ஒன்றைக் கொண்டு இவ்வகைப் பணி 1990-களில் நடைபெற்றது. நெல்லில் சுவரற்ற உயிரணுவிலிருந்து முழுச் செடி பெறுவது நெடுநாள் கடினமாக இருந்து, 1985, 1986 ஆண்டுகளில் கைகூடிற்று. 2015-ம் ஆண்டில் கொரிய விஞ்ஞானிகள், அந்நிய மரபுப் பொருள் எதையும் புகுத்தாமல் மரபணுவைத் திருத்தும் புரதக் கருவியை லெட்டூஸ் கீரையின் சுவரற்ற உயிரணுக்களுக்குள் செலுத்தி, திருத்திய செடிகளை வளர்த்தனர். சுவர் இல்லாததால்தான் இக்கருவி உயிரணுவுக்குள் எளிதில் நுழைகிறது.

ஏமாற வேண்டாம்

மேலே தக்காளி, கீழே உருளைக்கிழங்கு காய்க்கும் செடி பற்றி விவசாயிகள் கேள்விப்பட்டிருக்கலாம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, 1978-ல் மெல்ஷர்ஸ் குழுவினர் ஜெர்மனியில் இவ்விரு பயிர்களின் உயிரணுக்களை இணைத்து உருவாக்கியது. அது விஞ்ஞானத்தில் ஒரு சாதனை. ஆனால் சாகுபடிக்கு ஏற்ற கிழங்கும் தரவில்லை, பழமும் தரவில்லை. மற்றொன்று, உருளைக்கிழங்குச் செடியின் தண்டில் தக்காளித் தண்டை ஒட்டுக்கட்டுவது. இதில் மேலும் கீழும் காய்க்கும். ஆனால் இது வெறும் ஒட்டுச்செடி. இதன் கிழங்கை நட்டால் உருளைக்கிழங்கு மட்டுமே வளரும்; பழத்தின் விதையை விதைத்தால் தக்காளி மட்டுமே வளரும். வீட்டுத் தோட்டத்துக்கு வேடிக்கையாக வளர்க்கலாம். ஏக்கர் கணக்கில் பணம் போடுவதற்கு உரியதன்று.

"உயிர்த் தொழில்நுட்பத்தில் உருவான விதைக்கிழங்கு, மருந்தே தெளிக்க வேண்டாம்" என்று யாரேனும் கூறி அதிக விலை கேட்டால் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இரகத்தின் பெயர் என்ன? எந்த ஆராய்ச்சி நிலையம், எந்த ஆண்டு வெளியிட்டது? விதைச் சான்று அட்டை எங்கே? மூன்றுக்கும் சரியான விடை இல்லையேல் வாங்கக் கூடாது.

இப்போது செய்ய வேண்டியவை

புதிய இரகங்கள் வரும் வரை காத்திருக்க முடியாது. கையில் உள்ள வழிகளை முறையாகக் கடைப்பிடித்தால் இழப்பைப் பெரிதும் குறைக்கலாம்.

முதலாவதாக, நோய் தாங்கும் இரகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உதகை முத்தோரையிலுள்ள உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் பணியால் நீலகிரிக்கு ஏற்ற இரகங்கள் கிடைத்துள்ளன. 1985-ல் வெளியான குஃப்ரி சுவர்ணா, பிற்காலத்தில் வந்த குஃப்ரி நீலிமா, குஃப்ரி சஹ்யாத்ரி ஆகியவை இவற்றில் அடங்கும். இவை முட்டைக்கூடு நூற்புழுவையும் மனதில் கொண்டு உருவாக்கப்பட்டவை.

இரண்டாவதாக, விதைக்கிழங்கை நடுமுன் ஒவ்வொன்றாகப் பார்த்து, செம்பழுப்புத் திட்டு உள்ளவற்றை நீக்கிப் புதைத்துவிட வேண்டும். கழிவுக் கிழங்கை வரப்பில் குவிப்பது நோயை நாமே வளர்ப்பதாகும். சென்ற பருவத்தில் தங்கிய கிழங்கிலிருந்து தானே முளைத்த செடிகளையும் பிடுங்க வேண்டும்.

மூன்றாவதாக, மண் அணைப்பை உயரமாகச் செய்து கிழங்கு வெளியே தெரியாமல் மூட வேண்டும். இலையிலிருந்து மழைநீரோடு வழியும் நோய்வித்துகள் கிழங்கை எட்டாமல் தடுக்க இதுவே சிறந்த வழி. வயலில் நீர் தேங்கக் கூடாது.

நான்காவதாக, பனியும் சாரலும் தொடர்ந்தால் நோய் தோன்றும் முன்பே தெளிக்க வேண்டும். மேன்கோசெப் போன்ற தொடு மருந்தை லிட்டர் நீருக்கு 2 கிராம் வீதம், இலையின் அடிப்புறமும் நனையும்படி தெளிக்கலாம். நோய் பரவிய பிறகு ஊடுருவும் மருந்து தேவைப்பட்டால் தோட்டக்கலை அலுவலரைக் கலந்துகொள்ள வேண்டும். ஒரே ஊடுருவும் மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் கிருமி அதற்குப் பழகிவிடும்.

ஐந்தாவதாக, நோய் முற்றிவிட்டால் தழையை அறுத்து வயலுக்கு வெளியே அப்புறப்படுத்தி, பத்து முதல் பதினைந்து நாட்கள் கழித்துத் தோல் முற்றிய பின் கிழங்கைத் தோண்ட வேண்டும். ஈரக் கிழங்கைச் சேமிக்கக் கூடாது.

நோய் தாங்கும் இரகத்தைப் பயிரிடுபவர்களும் இவற்றைக் கைவிடலாகாது. ஓர் இரகத்தை மட்டும் நம்பி மருந்தையும் மண் அணைப்பையும் விட்டுவிட்டால், அந்த எதிர்ப்புத் திறனை மீறும் கிருமி விரைவில் பெருகும். குஃப்ரி ஜோதியின் அனுபவம் கற்றுத்தரும் பாடம் அதுதான். சுவர் களைந்த உயிரணுவின் வழியே பல ஆண்டு உழைப்பில் கிடைக்கும் எதிர்ப்புத் திறன், வயலில் நெடுநாள் நிலைப்பதும் விரைவில் வீணாவதும் விவசாயியின் பராமரிப்பைப் பொறுத்தே அமையும்.